ஐந்தரை மணி நேரம்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழமொழி. இந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பழைய மடிக்கணினியும் உண்டு என்று சேர்த்துக் கொள்ளலாம். வந்த நாளில் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி வரவேற்கப்பட்ட அந்த யந்திரம், பத்து வருஷத்திற்குள் பரண்மேல் ஏறி, பழைய பஞ்சாங்கக் கட்டுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் துணையாகி விடுகிறது. "அது செத்துப் போய்விட்டது" என்று வீட்டார் சொல்லுகிறார்கள். பெரும்பாலும் அது சாகவில்லை; மூச்சுத் திணறிக் கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். அத்தகைய யந்திரம் ஒன்றுக்கு நாம் வைத்தியம் பார்த்த வரலாற்றையும், அதில் பட்ட அவஸ்தைகளையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் வழியில் நம் நண்பர் ஒருவர் ஆறு விசைத்தறிகள் வைத்து நடத்தி வருகிறார். அவருடைய மகள் 2013-ல் கல்லூரியில் படித்தபோது தமிழ்நாடு அரசாங்கம் இலவசமாக வழங்கிய மடிக்கணினி அவர் வீட்டில் இருந்தது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி ஆரம்பமான அந்தத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட யந்திரங்கள் பலவற்றில், விண்டோஸுடன் கூட, ஸி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை தயாரித்த 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்தது. நண்பர் வீட்டில் அதை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. பிற்பாடு யாரோ ஒரு புண்ணியவான் விண்டோஸ் 10-ஐ நிறுவிக் கொடுத்தபோது, அது இருந்த சுவடே இல்லாமல் அழிந்து போயிற்று.

மகள் கலியாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். யந்திரம் தகப்பனாரிடம் தங்கியது. தறிக் கூலிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. அதைவிட முக்கியமாக, நான்கு வருஷத்திற்கு முன் காலமான அவருடைய தாயாரின் படங்கள் இருந்தன. கிழவி சொல்லச் சொல்லப் பேத்தி தட்டெழுதிய ஏதோ ஒரு குறிப்பும் இருந்தது. இப்போதோ யந்திரம் விழித்துக்கொள்ளக் கால் மணி நேரம் ஆகிறது. சேலத்தில் ஒரு கடைக்காரர் அதைத் திருப்பியும் பாராமல், "புதிதாக ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக் கொண்டார்கள். விண்டோஸ் 11-ஓ, இவ்வளவு வயதான யந்திரத்தைத் தன் வாசலிலேயே சேர்ப்பதில்லை.

"ஏனுங்க, அம்மா படமெல்லாம் போயிருச்சுங்களா?" என்று நண்பர் கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மை இந்தக் காரியத்தில் இழுத்து விட்டது.

லினக்ஸ் என்பது என்ன? 1991-ல் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட ஆணிவேர் அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்துத் தொடங்கிய 'க்நூ' முயற்சியின் கருவிகள் அதனுடன் சேர்ந்து, யாரும் எடுத்து உபயோகிக்கவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் கூடிய முழு ஏற்பாடாக வளர்ந்தது. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள் இந்தியா முழுவதும் போகின்றன. வடக்கே ஏதோ ஒரு காட்டில் வண்டி நின்றுவிட்டால், உடன் போன ஆட்களே மூடியைத் திறந்து, கழற்றி, பூட்டி ஓட்டுகிறார்கள். மூடியை அரக்கு முத்திரை வைத்து அடைத்திருந்தால் அவர்கள் கதி என்ன? லினக்ஸின் மூடி திறந்தே இருக்கிறது. திறந்திருப்பதால் அது பழுதாகாது என்று அர்த்தமல்ல. பழுதானால் கை வைக்கலாம் என்று அர்த்தம்.

கை வைத்தோம். முதல் அடியே சறுக்கிற்று. இரண்டு கிகாபைட் ஞாபக சக்தியே உள்ள யந்திரமாகையால், லினக்ஸ் மின்டின் 'எக்ஸ்.எப்.ஸி.ஈ.' என்னும் இலேசான முகப்பைத் தேர்ந்தெடுத்து இறக்கிக் கொண்டோம். அந்தக் கோப்பைச் சினிமாப் பாட்டைப் பிரதி செய்வது போலப் பென் டிரைவில் பிரதி செய்து சொருகினோம். யந்திரம் அதைச் சட்டை செய்யவில்லை. காரணம் இதுதான்: அந்தக் கோப்பு ஒரு கட்டிய மூட்டை, மூட்டையை அப்படியே உள்ளே வைத்தால் பயனில்லை. அதற்கென்று உள்ள கருவியைக் கொண்டு பென் டிரைவில் அதை 'எழுத' வேண்டும். எழுதுமுன், இறங்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டோர் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுது என்று கொண்டு மறுபடி இறக்க வேண்டும். இந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்யாமல் ஐந்து மணி நேரம் அவஸ்தைப்படுவோர் உண்டு.

பிறகு, யந்திரத்தைத் தட்டியெழுப்பும் அந்த க்ஷணத்திலேயே எப்12 போன்ற விசையை அழுத்தி, "பென் டிரைவிலிருந்து புறப்படு" என்று சொல்ல வேண்டும். விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புறப்பட்டது, ஆனால் திரை அமாவாசை இருட்டாக நின்றது. நண்பர் முகமும் இருண்டது. இதுவும் பெரிய வியாதியல்ல. திரைக்குப் படம் அனுப்பும் உறுப்போடு லினக்ஸுக்கு முதற் பழக்கம் சரியாக ஏற்படாத தோஷம்தான். தொடக்கப் பட்டியலில் 'இணக்க முறை' என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை வெளுத்தது.

இனித்தான் நேயர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம். பென் டிரைவிலிருந்து புறப்பட்ட லினக்ஸ், ஒன்றையும் நிறுவாமலே ஓடிக் காட்டும். அந்த நிலையில் நாம் செய்த முதற் காரியம், பழைய வட்டிலிருந்த படங்கள், கணக்குகள், குறிப்புகள் அனைத்தையும் ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்ததுதான். பாட்டியம்மாளின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கோப்புகள் பிரதியானது போதாது. நாலைந்தைத் திறந்தும் பார்த்தோம். பிரதி எடுக்காத கணினியில் ஒரு விசையைத் தட்டுவதும், கயிறு கட்டாமல் கிணற்றில் இறங்குவதும் ஒன்றே.

அடுத்து, நிறுவும் வேலை. கணக்கு எழுதும் செயலி விண்டோஸில் மட்டுமே ஓடுவதால், இரண்டும் அருகருகே இருக்க வேண்டும் என்பது நண்பரின் கோரிக்கை. ஆனால் திரையில் 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுக' என்ற வழியைக் காணோம். 'வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவுக' என்பது மட்டும் பளிச்சென்று நின்றது. அவசரக்காரர்கள் கெடுவது இந்த இடத்தில்தான். நாம் பின்வாங்கினோம். விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 'விரைவுத் தொடக்கம்' என்ற ஏற்பாட்டினால் முழுவதும் தூங்குவதில்லை. ஒரு கண்ணைத் திறந்து வைத்தபடியே படுக்கிறது. அந்த நிலையில் அதன் இடத்தைச் சுருக்க லினக்ஸ் சம்மதிக்காது. விண்டோஸுக்குள் போய் அந்த ஏற்பாட்டை ரத்து செய்து, முறையாக அணைத்துவிட்டு வந்தபோது, காணாமற் போன வழி தானே தென்பட்டது.

'நிறுவுக' என்ற பொத்தானை அழுத்தப் போகும் தருணத்தில், பக்கத்துக் கொட்டகையில் ஆறு தறிகளும் சட்டென்று நின்றன. மின்சாரம் போய்விட்டது! மின்கலம் செத்துப்போன யந்திரமாகையால் அதுவும் கூடவே அணைந்தது. ஐந்து நிமிஷம் முன்பு பொத்தானை அழுத்தியிருந்தால், வட்டின் இடத்தைப் பாதி சுருக்கிய நிலையில் யந்திரம் நின்றிருக்கும். பிறகு இரண்டும் இல்லாமற் போயிருக்கலாம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்த பின்னரே மேலே சென்றோம்.

நிறுவி முடிந்தது, கம்பியில்லா இணையத்தைக் காணோம். அந்த உறுப்பை இயக்கும் மென்பொருளை இணையத்திலிருந்து வருவிக்க வேண்டும்; இணையமோ அந்த உறுப்பின் வழியாக வரவேண்டும்! கைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கடன் வாங்கி இந்த முடிச்சை அவிழ்த்தோம்.    

அன்று மாலை கூலிக் கணக்கு எழுத விண்டோஸைத் திறந்தார் நண்பர். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழரை. கணினியில் பிற்பகல் இரண்டு. "ஏனுங்க, மிஷினுக்கு மத்தியானத் தூக்கம் கலையலைங்களா?" என்றார். நமக்கும் சிறிது நேரம் திகைப்பாகவே இருந்தது. ஏழரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி என்று கணக்கிட்டதும் விளங்கிற்று. கணினிக்குள் ஒரு சிறு கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைத்து, இந்திய நேரத்திற்காக ஐந்தரை மணியைத் தானே கூட்டிக் கொள்கிறது. விண்டோஸோ, அதில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று நம்பிவிடுகிறது. இரண்டின் பேரிலும் குற்றமில்லை. ஒன்றுக்கொன்று கலந்து பேசிக் கொள்ளவில்லை. "நீயும் உள்ளூர் நேரத்தையே வை" என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டதும் வழக்கு தீர்ந்தது. இப்படியல்லாமல், அணைத்து வைக்கும் போதெல்லாம் நேரம் பல வருஷம் பின்னுக்குப் போனால், உள்ளேயுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.

இந்த அநுபவத்தில் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதல் செய்யுங்கள். செய்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிறரிடம் யோசனை கேட்கும்போது "கணினி வேலை செய்யவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? யந்திரம் எந்தக் கம்பெனியுடையது, நீங்கள் என்ன செய்தீர்கள், திரை என்ன சொல்லிற்று என்பதை ஓர் எழுத்து விடாமல் தெரிவியுங்கள். இங்கிலீஷ் தெரியாதென்று தயங்கவும் வேண்டாம். 2012 முதல் 'கணியம்' இதழார் கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வந்திருக்கிறார்கள்.

கடைசியில் பாக்கியிருந்தது பாட்டியம்மாளின் குறிப்பு. திறந்தால், இங்கிலீஷ் எழுத்துக்களும் குறிகளும் தாறுமாறாக ஓடின. நண்பர் தலையில் கை வைத்துக் கொண்டார். ஆனால் அது கெட்டுப் போகவில்லை. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டெழுதியது. அக்காலத்து எழுத்துருக்கள், இங்கிலீஷ் எழுத்தின் ஆசனத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் ஆசனம் மட்டுமே தெரியும். மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக ஆக்கினோம். இனிமேல் எழுதுவதற்கு, 1999-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசை முறையையும் அமைத்துக் கொடுத்தோம்.

திரையில் தமிழ் வந்தது. கைத்தறிக் குழியில் கால் வைத்து நெய்த காலத்திலிருந்து, முதல் விசைத்தறியை எந்த நகையை விற்று வாங்கினார்கள், யார் யார் கைமாற்றுக் கொடுத்து உதவினார்கள் என்பது வரையில், கிழவி ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். நண்பர் நின்றபடியே இரண்டு வரி படித்தார். பிறகு வாசற்படிக்குப் போய், தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். அந்த வீட்டில் மின்சாரம் இருக்கும்போதே தறி நின்றதை நாம் அன்றுதான் கண்டோம்.

படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக் கொண்டு, "இதை அம்மிணிக்கு ஒரு பிரதி அச்சுப் போட்டு அனுப்பணுங்க" என்றார். அச்சுப் பெட்டியை இணைத்தோம். அது நம் பேச்சைக் கேட்கவில்லை. அந்த வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.