அறை வாடகைக்கா? ஜாதி விசாரணைக்கா?

ஜெகதளா என்னும் ஊர்ப்பெயர் நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். ஆனால் குன்னூருக்கு அடுத்த வெல்லிங்டன் பட்டாள பாரக்குகளுக்கு, 1852-இல் அவை கட்ட ஆரம்பிக்கப்பட்ட காலத்தில், இவ்வூரின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் ஜக்கதளா என்று திரித்து வழங்கினார்கள். பக்கத்து அருவங்காட்டில் 1904 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை நடந்து வருகின்றது. ஆகவே, வேலைக்கென்றும் பயிற்சிக்கென்றும் ஆறு மாதம், எட்டு மாதம் தங்க வரும் வெளியூரார் இப்பக்கத்திற்குப் புதியவர்களல்லர்.

இவர்களுக்காக வீட்டுக்காரர்கள் சிலர் கட்டில், மெத்தை, கம்பளி, கீசர், அடுப்பு எல்லாம் போட்டு, வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுகின்றார்கள். இது நல்ல காரியமேயாகும். ஆறு மாத வேலைக்கு வருகிறவர் கட்டிலையும் பீரோவையும் மலையேற்றி மறுபடியும் இறக்க முடியுமா? வீட்டுக்காரருக்கும், பூட்டிக் கிடந்து ஈரத்தில் பூசணம் பிடிக்கும் வீட்டிலிருந்து நாலு காசு வருகின்றது.

நிற்க, நமக்குத் தெரிந்த ஒரு நர்சுப் பெண் இம்மாதிரி அறை ஒன்றைப் பார்க்கப் போனார். அறை பிடித்தது, வாடகை பேசி முடிந்தது, முன்பணமும் கையிலிருந்தது. கடைசியாக வீட்டுக்காரர், “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் ஒளிக்காமல் பதில் சொன்னார். உடனே வீட்டுக்காரருக்கு, தம் மைத்துனர் அந்த அறையை முன்பே கேட்டிருந்தது ஞாபகத்திற்கு வந்துவிட்டது!

இதே வீட்டுக்காரர் நாளைக்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தால், ஊசி போட வரும் கையைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பாரா என்று கேட்கின்றோம். அப்பெண்ணின் பணத்திற்குத் தீட்டில்லை, மருந்திற்குத் தீட்டில்லை, அவர் படுக்கும் கட்டிலுக்கு மாத்திரம் தீட்டு எங்கிருந்து வந்தது?

“என் வீடு, என் இஷ்டம்” என்பார்கள். தாம் குடியிருக்க மாத்திரம் வைத்திருந்தால் சரி. வாடகைக்கு என்று பலகை மாட்டிய பிறகு அது வியாபாரமன்றோ? மேலும், தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த இடத்திலும் குடியிருக்கவொட்டாமல் தடுப்பது 1955-ஆம் வருஷத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அதற்கு ஒரு மாதத்திற்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறையுண்டு. ஆனால் மைத்துனர் பேரைச் சொல்லித் தப்புகிறவரைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? புத்திதான் பிடிக்க வேண்டும்.

இனி, ஆடியில் குடிவரக் கூடாது, மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது, மாதவிலக்கு நாளில் அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனைகள் வேறு. காலி அறைக்கு ஆடி மாத வாடகையைப் பஞ்சாங்கமா கொடுக்கப் போகிறது? இவ்வளவு ஆசாரம் பேசுகிறவர்களில் சிலர், ஏப்ரல், மே சீசன் வந்ததும், நாள் வாடகை கிடைக்கிறதென்று குடியிருப்பவரை வெளியே போகச் சொல்லக் கூசுவதில்லை.

கேட்க வேண்டியது எதுவோ அதைக் கேட்கட்டும். எங்கே வேலை, எத்தனை மாதம், அடையாளச் சீட்டு எது என்று கேட்கட்டும். 2019 முதல் அமுலிலிருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டுமென்கிறது; தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தித் துரத்தக் கூடாதென்கிறது. கட்டில் எத்தனை, கம்பளி எத்தனை, மீட்டரில் எண் என்ன என்பதை முதல் நாளே இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

குடிவருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். வாடகையை நாள் தவறாமல் கொடுங்கள். பொது அடுப்பைத் துடைத்து வையுங்கள். “நம்மவாள் வீடு” என்று தேடி அலையாதீர்கள். அந்தத் தேடலும் அதே வியாதிதான்.

மலையில் குளிர் எல்லோருக்கும் ஒன்றே. கம்பளியை ஜாதி பார்த்துக் கொடுப்பவர் அறை வாடகைக்கு விடும் யோக்கியதையுடையவரல்லர் என்பதே நமது அபிப்பிராயம்.