கம்ப்யூட்டரும் நம் வீட்டுப் பெண்களும்

சகோதரிகளே, இன்று பால்குடி மறக்காத பிள்ளைகூட செல்போனைத் தேய்த்துப் பாட்டு வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. இதைப் பார்த்து வளரும் இளம் தாய்மார்களுக்கு, இண்டர்நெட் மழை மாதிரி ஒரே நாளில் எல்லார் வீட்டிலும் பெய்தது என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு அது வந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் மூலமாக. அதுவும் பெரிய நகரங்களுக்குத்தான். 1998-ல் தனியார் கம்பெனிகளுக்கும் அனுமதி கிடைத்த பிறகே நம்ம ஊர்ப் பக்கம் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன.

நான் தல்லாகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 2000-ல். பள்ளிப் படிப்போடு சரி. அதுவும் தமிழ் மீடியம். கொழுந்தனார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். டி.வி.க்குக் கூட அந்த மரியாதை இல்லை! வீட்டுப் பெண்கள் அதைத் துடைக்கலாம், தொடக் கூடாது.

அந்நாளில் டெலிபோன் வயரைத்தான் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி. கம்ப்யூட்டரின் கணக்கை அது சத்தமாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்பும். வருகிற சத்தத்தைத் திரும்பக் கணக்காக மாற்றும். அதனால்தான் ஆரம்பத்தில் "கீ... கர்ர்" என்று ஓர் இரைச்சல். அது ஓடும் வரை வீட்டுக்குப் போன் வராது. "ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா கூட சேதி வராது போலிருக்கே" என்று அத்தை புலம்புவார். பில் வேறு தனியாக ஏறும். ஒரு போட்டோ இறங்க மூன்று நாலு நிமிஷம் ஆகும். முதலில் தலை, அப்புறம் கழுத்து, அப்புறம்தான் புடவை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. நிஜமான கஷ்டம் பாஷையில் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவர் துபாயில். ஐ.எஸ்.டி. பேசினால் கட்டுப்படியாகாது, கடிதம் போய்ச் சேர நாளாகும். அதனால் பிரௌசிங் சென்டரில் போய் ஈ-மெயில் கொடுப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் அடிக்கலாம் என்றால், இங்கே எந்த எழுத்துரு இருக்கிறதோ அதே எழுத்துரு அங்கேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி கிளறிய மாதிரி ஏதோ தெரியும். இந்தக் குழப்பத்தைச் சரி செய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூட்டினார்கள். தமிழ்99 விசைப்பலகை அதன் வழியாக வந்ததுதான். ஆனால் அதெல்லாம் கடைத்தெரு வரை வந்து சேர வேண்டுமே! ஆக, அவள் சொல்லச் சொல்ல, சென்டர் பையன் இங்கிலீஷில் அடிப்பான்.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாசம். உதிரம் பட்டுவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லியிருந்தார். மாமியாருக்கு அது விளங்கவில்லை. தண்ணீர்க்குடம் தூக்கச் சொல்கிறார். கணவர் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகும். பத்தொன்பது வயசுப் பையனிடம் அதை எப்படிச் சொல்லி அடிக்கச் சொல்வது? "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று மட்டும் அனுப்பினாள். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று பதில் வந்தது. அவர் மேல் என்ன குற்றம்?

அவளுக்கு ஏ.பி.சி.டி. தெரியும். தமிழ் வார்த்தையையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கலாம் என்று எங்கள் கொழுந்தனார் சொன்னதை அவளிடம் சொல்லி, பேப்பரில் எழுதிப் பழக வைத்தேன். நாலாம் நாள், மாமியார் உறங்குகிற மத்தியான வேளையில் ஆட்டோவில் நானே கூட்டிப் போனேன். ஒரு விரலால் முக்கால் மணி நேரம் அடித்தாள். பையன் வெளியே நின்றான். அன்று ராத்திரியே துபாயிலிருந்து போன் வந்தது, மாமியாருக்கு! பிறந்த பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறான்.

ஏறக்குறைய அதே சமயம், 2001-ல், நம் மதுரைக்குப் பக்கத்து மேலூர் தாலுகாவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற முறையில், கம்பி இழுக்காமலே கிராமங்களுக்கு இண்டர்நெட் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இதில் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கம்ப்யூட்டர் மையம். நடத்துவது உள்ளூர் ஆள். கண்ணில் கோளாறு என்றால் சின்னக் காமிராவில் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேரில் வர வேண்டுமா என்று அங்கிருந்து பதில் வரும். பயிர் நோய், ஆடுமாடு நோய்க்கும் யோசனை கேட்டார்கள்.

இதைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மையத்துக்கு வந்தவர்களில் அதிகம் பேர் படித்த இளவட்ட ஆண்கள். ஆனால் பெண் ஒருத்தி நடத்திய இடங்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள். வருமானம் போதாமலும் வேறு காரணங்களாலும் சில வருஷங்களில் பல மையங்கள் மூடிப்போயின. அது எனக்கு வருத்தம்தான்.

இன்று பையன் வேண்டாம், சென்டர் வேண்டாம், போன் நம் கையிலேயே. ஆனாலும் எத்தனை வீடுகளில் அம்மாவின் போனுக்கு மெயில் கணக்கு மகன் பெயரில் இருக்கிறது! பாஸ்வேர்டு கேட்டால், "தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறோம். மாதவிடாய் நின்றதைப் பற்றியோ மார்பில் கட்டி பற்றியோ டாக்டரிடமிருந்து வருகிற ரிப்போர்ட்டை, பிள்ளை திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, ஏதோ வந்திருக்கு" என்று சொல்ல வேண்டுமா?

உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும்; அடிப்பது உங்கள் விரலாக இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி நகைப்பெட்டியில் வையுங்கள், சமையலறைக் காலண்டரில் வேண்டாம். பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று எவன் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் மீட்பது கஷ்டம்.

எழுத்துரு தேடுகிற தொல்லையும் இப்போது இல்லை. செட்டிங்கில் தமிழ்க் கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால் போதும். அடிக்கக் கை வராவிட்டால், மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். எழுத்துப் பிழை கொஞ்சம் வரும், டாக்டரம்மாவுக்குப் புரியும்.