சும்மா கிடக்கும் ஆலைக்கு எதற்கு எங்கள் கடல்?

புரட்டாசி கழிந்தால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் சோர்ந்துவிடும். இடைவெளியை நிரப்ப எரிவாயு மின்சாரம் வேண்டும். அதற்குக் குமரிக் கடலில் துளையிட்டால் என்ன கெட்டுவிடும்? எரிவாயு ஆதரவாளர்களின் வாதம் இவ்வளவுதான்.

காற்று தளர்வது உண்மை. எரிவாயு ஆலையைச் சட்டென்று ஓட்டி, சட்டென்று நிறுத்தலாம் என்பதும் உண்மை. ஆனால் குமரிக் கடலின் எரிவாயு நம் வீட்டு விளக்கை எரிக்கும் என்பது சுத்தப் புளுகு.

நாட்டில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு மின்நிலையங்கள் நிற்கின்றன. அவற்றின் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பயன்படுவதில்லை. பக்கத்துக் காயங்குளத்தில் என்.டி.பி.சி.யின் ஆலை, அதன் எரிபொருளான நாப்தாவின் விலை கட்டாமல் முடங்கியது. 2013-இல் கொச்சியில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் வந்தும் அதற்கு விடிவு வரவில்லை. தொழுவத்தில் நிற்கிற மாட்டுக்கு வைக்கோல் போட முடியாதவர், சந்தைக்குப் போகக் கடன் கேட்கிறார்.

'வைக்கோலுக்காகத்தானே தோண்டச் சொல்கிறோம்' என்பார்கள். அரசின் சொந்தக் கொள்கையையாவது படித்திருக்க வேண்டாமா? உள்நாட்டு எரிவாயுப் பங்கீட்டில் முன்வரிசை வாகனத்துக்கும் வீட்டுக் குழாய்க்கும், அடுத்தது உரம், மின்நிலையம் அதற்கும் பின்னால். மிஞ்சி வந்தாலும் விலை இடிக்கும். ஆழ்கடல் வாயுவுக்கு அரசு வைத்திருக்கும் உச்சவிலை அண்மை ஆண்டுகளில் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 10 டாலரை ஒட்டியே நிற்கிறது. அந்த விலையில் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவே 6 ரூபாயைத் தாண்டும். சூரிய மின்சாரமோ ஏலத்தில் 2.50 ரூபாய் அளவில் கிடைக்கிறது. இரவுக்கு என்ன வழி என்றால், தண்ணீரை மேலேற்றி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் காடம்பாறை பல்லாண்டுகளாகக் கண்முன்னே இருக்கிறது.

தோண்டினால் கிடைத்துவிடும் என்பதும் அசட்டு நம்பிக்கை. 2009-இல் கிருஷ்ணா-கோதாவரி டி-6 வயலில் வாயு பாய்ந்ததும் ஆந்திராவில் ஆலைகள் எழுந்தன. ஓரிரு ஆண்டுகளில் உற்பத்தி சரிந்தது. ஆலைகள் கடனோடு நின்றன.

'ஆழ்கடல்தானே, மீனவருக்கு என்ன?' என்பதுதான் உச்சகட்ட அறியாமை. கன்னியாகுமரிக்குத் தெற்கே, வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பகுதியை ஒட்டி, 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் எண்ணெய், எரிவாயு தேட ஓ.என்.ஜி.சி.க்கு வழிவிட்டிருக்கிறது ஒன்றிய அரசு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் சுறாவும் சூரையும் தேடிப்போவது ஆழ்கடலுக்குத்தான். 2017-இல் ஒக்கிப் புயல் அவர்களைக் கொண்டுபோனதும் அங்கேதான்.

மீன்பிடிப்பும் துரப்பணமும் ஒத்துப்போகும் என்று சொல்பவர்களுக்கு மறுப்பு டெல்லியின் கோப்பிலேயே இருக்கிறது. 1976 மார்ச்சில் இந்தியா இலங்கையோடு செய்த ஏற்பாட்டில் வாட்ஜ் பேங்க் நமக்கு வந்தது. இலங்கைப் படகுகளுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் இந்தியா பெட்ரோலியம் தேடத் தொடங்கினால், அந்தப் பகுதியில் அவர்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். அன்று இலங்கை மீனவருக்கு ஒத்துவராதது, இன்று குமரி மீனவருக்கு மட்டும் எப்படி ஒத்துவரும்?

மின்சாரம்தான் நோக்கமென்றால், முடங்கிய ஆலைகளை ஓட்டிக் காட்டுங்கள். காடம்பாறை போல இன்னும் நான்கு கட்டுங்கள். அதன் பிறகும் போதவில்லையென்றால் தூத்தூருக்கு வந்து கேளுங்கள். அதுவரை, எண்ணெய்க்கணக்கை மின்கணக்கென்று எங்களிடம் விற்க வேண்டாம்.