சோறு முதலில், வளர்ச்சி பிறகு

ஐடி கம்பெனி மதியச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "நம்ம வரிப்பணத்துல ஓசிச் சோறு போடறாங்க." கொஞ்சம் படித்தவர் இதையே பாலிஷாகச் சொல்வார்: முதலில் பொருளாதாரம் வளரட்டும், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிறகு தாராளமாகச் செலவழிக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வரலாறுதான் ஒத்துழைக்காது.

1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது கஜானா ஒன்றும் நிரம்பி வழியவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் அப்படித்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1982இல் 6 வயதில் தட்டோடு உட்கார்ந்த பிள்ளைக்கு 1998இல் 22 வயது. அந்த வருடம்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது.

துறைமுகம் இருந்தது, சலுகை கொடுத்தார்கள், 1991இல் கதவு திறந்தது. எல்லாம் சரி. ஆனால் கதவு எல்லா மாநிலத்துக்கும்தானே திறந்தது? துறைமுகம் வேறு யாருக்குமே இல்லையா? படிக்கத் தெரிந்த, ஷிப்ட் முழுக்க நிற்கத் தெம்புள்ள ஆட்களை எந்தச் சலுகையாலும் ஒரே வருடத்தில் உருவாக்க முடியாது. அதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும்.

ஆஸ்பத்திரிக் கதையும் இதேதான். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே மருந்து இலவசம். கூலிக்காரர் மருந்துக்காக வட்டிக்கு வாங்கினால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. அதை இந்த ஏற்பாடு தடுக்கிறது. இதை 'ஓசி' என்பவருக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

பலன் கண்ணெதிரே இருக்கிறது. 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் இங்கேதான் இருக்கிறார்கள்.

உடனே கைதட்ட வேண்டாம். இதே மாநிலத்தில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. அரசுப் பள்ளிகளில் காலை உணவு 2022இல்தான் வந்தது. அதற்கு ரொம்ப காலம் முன்பே நாம் பணக்கார மாநிலமாகிவிட்டோம். 'வளர்ந்த பிறகு செய்யலாம்' என்பவர்கள் வளர்ந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?