மழைக்கால நடைக்கு ஒரு காடு

"வெளியே மழைப்பா, எங்க போறது?" டிசம்பர் சனிக்கிழமைகளில் நம்ம வீடுகளில் கேட்கிற வசனம்தான். சியாட்டில்காரர்களுக்கு என் பதில் சீவர்ட் பூங்கா. வாஷிங்டன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீபகற்பம். கரையைச் சுற்றித் தார்ப்பாதை, சுமார் 4 கிலோமீட்டர். குழந்தை வண்டி தாராளமாகப் போகும்.

ஆனா நடுவில் இருக்கிற காட்டுக்குள்ளும் போங்க. பழைய டக்ளஸ் ஃபிர் மரங்கள், கீழே பாசி, இடுப்பளவு வாள்பெரணி. மேப்பிள் மொட்டையானாலும் காடு பச்சைதான்.

அந்தப் பெரணி ஒரு பக்கமாகச் செத்துக்கொண்டே வருகிறது. 2013 வாக்கில் கவனித்தார்கள். ஆராய்ந்தும் காரணம் இன்னும் பிடிபடவில்லை. வெறும் தரையைப் பார்த்த என் ஏழு வயது மகள், "தாத்தாகிட்ட கேப்போமா?" என்றாள்.

தாத்தா பட்டுக்கோட்டைத் தென்னை விவசாயி. தஞ்சாவூர் வாடல் நோயில் மரங்களை இழந்தவர். அன்றிரவு வாட்ஸாப்பில், "வேரைத் தோண்டிப் பாத்தாங்களாம்மா? மண்ணு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தார். வழக்கமாக 'சாப்டியா'வோடு முடிகிற பேச்சு, அன்று இருபது நிமிடம் தமிழிலேயே ஓடியது. அடுத்த வாரம் மண்ணைப் படம் எடுத்து அனுப்பணுமாம்.

4:20க்கே சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே கிளம்புங்க.