14 காரட் தாலி

தனிமனிதரின் உடைமையிலும் தொழிலிலும் அரசு கைவைக்கும் முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும் என்று யாராவது எழுதினால், பணக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று நம்மூரில் உடனே சொல்லிவிடுவார்கள். ஆசாரி குடும்பத்தில் பிறந்து, வங்கியில் அடகு நகையை உரைகல்லில் உரசிப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு அப்படித் தோன்றியதில்லை. டெல்லி எங்கள் தொழிலின் கழுத்தைப் பிடித்தபோது மூச்சுத் திணறியவர்கள் ஊதுகுழலோடு குமுட்டி முன்னால் உட்கார்ந்திருந்த கூலிக்காரர்கள்தான்.

1962 கடைசியில் சீனப் போர். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. மக்களுக்குத் தங்கத்தின்மேல் ஆசை இருப்பதால்தான் கடத்தல் நடக்கிறது, ஆசையைக் குறைத்தால் கடத்தல் குறையும் என்று அரசு கணக்குப் போட்டது. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தார். இனி 14 காரட்டுக்கு மேல் யாரும் நகை செய்யக் கூடாது. அதாவது 100-க்கு 58 பங்குதான் தங்கம், மற்றது செம்பும் வெள்ளியும். போர்க்காலப் பாதுகாப்புக்கென்று அரசு எடுத்துக்கொண்ட அதிகாரம் தாலியின் மாற்றை அளக்க வந்தது.

22 காரட் தங்கம் ஆசாரியின் கைக்கு வளையும். 14 காரட் முரண்டு பிடிக்கும், சீக்கிரம் கறுக்கும். பெண்ணுக்கு அதில் தாலி செய்ய எந்தத் தாய் சம்மதிப்பாள்? வாடிக்கை நின்றது. அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு மில் வாசலில் காவலுக்குப் போனார். வசதி உள்ள கடைக்காரர்கள் வேறு வியாபாரம் பார்த்துச் சமாளித்தார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய மாற்றிலேயே செய்து தரச் சொன்னவர்களும் உண்டு. பிடிபட்டால் மாட்டுவது ஆசாரி. நாட்டின் பல ஊர்களில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்டது நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. கையிலிருந்த தொழிலைப் பறித்துக்கொண்ட அரசே பிறகு மறுவாழ்வு உதவியும் அறிவித்தது.

அதே ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பும் காமராஜர் திட்டத்தில் தேசாய் பதவி விலக, அடுத்து வந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். 1966-இல் 14 காரட் வரம்பு போயிற்று. ஆனால் கட்டுப்பாடு போகவில்லை. 1968-இல் அது முழுச் சட்டமாகவே ஆனது. சாதாரண மக்கள் வீட்டில் தங்கக் கட்டி வைத்திருந்தால் குற்றம். வியாபாரிக்கு உரிமம், ஆசாரிக்குச் சான்றிதழ், இருப்புக்கு உச்சவரம்பு. 1969-இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளைச் செல்லாது என்றது. மற்றவை 1990 வரை உயிரோடு இருந்தன. நிதியமைச்சராக இருந்து சட்டத்தை ரத்து செய்தவர் சோஷலிஸ்டான மது தண்டவதே என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டு அறிந்த பாடத்துக்குக் கட்சிக் கொடி தேவையில்லை.

இத்தனை ஆண்டுகளில் கடத்தல் குறைந்ததா? துபாயிலிருந்து படகுகள் வந்துகொண்டேயிருந்தன. ராமநாதபுரம் சீமையில் பிறந்த கடத்தல்காரர் ஹாஜி மஸ்தான் பம்பாயில் கதாநாயகனைப்போல வலம்வந்த காலம் அது. 1991 மே மாதம் கஜானா வற்றியபோது, கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன் தங்கத்தைச் சுவிட்சர்லாந்து வங்கிக்கு அனுப்பித்தான் அரசு டாலர் புரட்டியது. தங்கம் வேண்டாம் என்று குடும்பங்களுக்கு உபதேசம் செய்த அரசு, தனக்கு நெருக்கடி வந்தபோது தங்கத்தைத்தான் நம்பியது.

பொருளாதாரத்துக்கு வேண்டிய அறிவு எந்த ஒரு தலைமையகத்திலும் சேர்ந்து கிடப்பதில்லை, கோடிக்கணக்கான மனிதர்களிடம் சிதறிக் கிடக்கிறது என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945-இல் எழுதினார். வங்கியில் பணம் எதுவும் போட்டு வைக்காத ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அரைப் பவுன் தோடுதான் சேமிப்பு, காப்பீடு, அவசரச் செலவுக்கான கையிருப்பு எல்லாம். அடகு மேசையில் இதைத் தினமும் பார்த்தவன் நான். டெல்லியின் கோப்பில் அது வெறும் ஆடம்பர ஆசை. 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று சொல்லிச் சொல்லிச் சாடினார். ஆலை முதலாளிகளின் மனக்குறை என்றே பலர் அதை ஒதுக்கினார்கள். எங்கள் தெருவில் அந்த ராஜ்யம் ஆசாரியின் பட்டறைப் பெட்டி வரைக்கும் வந்து சோதனை போட்டது.

அப்படியானால் அரசு ஒதுங்கியே நிற்க வேண்டுமா? வேண்டாம். 2021 ஜூனிலிருந்து கட்டங்கட்டமாகக் கட்டாயமான ஹால்மார்க்கை நான் வரவேற்கிறேன். இந்த நகை 18 காரட் என்றால் அப்படியே முத்திரை குத்து, வாங்குபவரை ஏமாற்றாதே என்று சொல்வது அரசின் கடமை. 14-க்கு மேல் செய்யவே செய்யாதே என்பது அதிகாரத் திமிர். முதலாவது வாங்குபவர் கையில் தகவலைக் கொடுக்கிறது. இரண்டாவது அவர் கையிலிருந்த முடிவைப் பிடுங்குகிறது. எந்தப் புது விதி வந்தாலும் நான் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் வரைவு விதிகள், அடகுக்கு வரும் நகை யாருடையது என்பதற்கு ரசீதோ தக்க ஆவணமோ உறுதிமொழியோ வேண்டும் என்றன. பாட்டி போட்டுவிட்ட சங்கிலிக்கு ரசீதுக்கு எங்கே போவது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ஜூனில் வந்த இறுதி விதிகள் சிறு கடன்களுக்குச் சில தளர்வுகள் தந்தன. கேட்டதால் கிடைத்தது, 1963-இல் விதி வருமுன் கேட்கவே யாருக்கும் இடம் வைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நெருக்கடியைக் காட்டிப் பிறக்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டிலும் அது காலாவதியாகும் தேதியைச் சேர்த்தே எழுதுங்கள். 1963 விதிக்கு ஓராண்டுதான் ஆயுள் என்று இருந்திருந்தால், நீட்டிக்க விரும்பிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து கடத்தல் எவ்வளவு குறைந்தது, எத்தனை பட்டறைகள் மூடின என்று ஆண்டுதோறும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு எந்த அமைச்சராலும் அதை 27 ஆண்டுகள் இழுத்திருக்க முடியாது.