சளிக்கு எதுக்குங்க ஆன்டிபயாடிக்?

"ரெண்டு நாளா மூக்கு ஒழுகுதுங்க டாக்டர். மெடிக்கல் ஷாப்புல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கியாந்து கொடுத்தேன். சளியும் நிக்கல, இப்ப வயிறு வேற போகுதுங்க!"

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மார்கள் பலர் சொல்லும் கதை இது. ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் கொல்வதோ பாக்டீரியாவை. அப்படியானால் அந்த மருந்து யாரைத் தாக்கியது? குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை!

நம் பெருங்குடலில் இவை கோடானுகோடியாக வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்க வைத்து, குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. கெட்ட கிருமிகளை எளிதில் இடம் பிடிக்க விடுவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. எதை எதிர்ப்பது, எதைச் சும்மா விடுவது என்று அவற்றைப் பழக்குவதிலும் இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பங்குண்டு. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்காகவே வருகின்றன. இயற்கை காட்டும் அக்கறையைப் பாருங்கள்!

பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குக் கொலிஸ்டின் என்ற பெயர் தெரிந்திருக்கும். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளுக்கு டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாடிக் அது. அதைக் கோழிகளுக்கும் கொடுத்து வந்தார்கள். கிருமிகள் அதற்கும் பழகிவிடும் என்ற பயத்தில், 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. கோழிக்கே கட்டுப்பாடு வந்தாச்சு. நம் பிள்ளைக்கு மட்டும் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுப்பது நியாயமா?

ஆன்டிபயாடிக்கே கூடாது என்று சொல்லவில்லை. டைபாய்டு, பாக்டீரியாவால் வரும் நிமோனியா போன்றவற்றில் அது உயிர் காக்கும். டாக்டர் எழுதினால், சொன்ன நாள்வரை கொடுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். மீந்த மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்ற நாட்களில் கம்மங்கூழ், கொள்ளு, கீரை, மோர் என்று நம் அம்மாயி காலத்துச் சாப்பாடு தட்டில் இருக்கட்டும். நார்ச்சத்துதான் அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி. வயிற்றுக்குள்ளே நமக்காக உழைப்பவர்களுக்குச் சோறு போடாவிட்டாலும் பரவாயில்லை, காரணமில்லாமல் விஷம் வைக்கலாமா? யோசியுங்கள்!